படைத்தள வாசலில் கடையா, வீடா? ஆவடி, வெலிங்டன், அரக்கோணம், சூலூர்: ஓர் ஒப்பீடு

என் தாய்மாமா ஆவடியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். ஊரில் எல்லோரும் அவரிடம், "உங்களுக்கென்ன, மிலிட்டரி ஊர், பணம் கொட்டும்" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே ஒரே பதிலைத்தான் சொல்வார்: "சீருடை போட்டவன் என் கடைக்கு வருவதில்லை. சீருடை தைப்பவன்தான் வருகிறான்." ஆவடியில் இருக்கும் படை உடைத் தொழிற்சாலைத் தொழிலாளர்களைத்தான் அப்படிச் சொன்னார். சிறுவயதில் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன். பிற்பாடுதான், படைத்தளம் உள்ள ஊர்களின் பொருளாதாரம் முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கியிருப்பது புரிந்தது.

ஓய்வுபெறப் போகும் படைவீரர்கள், கையில் கொஞ்சம் சேமிப்பு வைத்திருக்கும் சிறுவணிகர்கள், வாடகை வருமானத்துக்காக மனை தேடுபவர்கள் என மூன்று வகையினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இதுதான்: ராணுவ முகாம் அருகே பணத்தைப் போட்டால் நல்லதா? போடுவதென்றால் எந்த ஊரில்? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியோடு அதிகம் அடிபடும் பெயர்கள் நான்கு. ஆவடி, குன்னூரை ஒட்டிய வெலிங்டன், அரக்கோணம், கோவையை அடுத்த சூலூர். நான்கும் வெளிப்பார்வைக்குத்தான் ஒரே வகை. உள்ளே பணம் ஓடும் வழி நான்கிலும் வேறு.

## முதலில் அளவுகோல்கள்

வாயிலுக்கு வெளியே உறங்குபவர் எத்தனை பேர்? தளத்துக்குள் எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்பதை வைத்துக் கணக்குப் போடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. படைவீரருக்கு உள்ளேயே குவார்ட்டர்ஸ், உள்ளேயே மருத்துவமனை, உள்ளேயே கேந்திரிய வித்யாலயா அல்லது படைத்துறைப் பள்ளி, உள்ளேயே கேன்டீன். 1948 முதல் இயங்கும் சிஎஸ்டி எனப்படும் கேன்டீன் துறை, சோப்பு முதல் குளிர்சாதனப் பெட்டி வரை வெளிச்சந்தையைவிடக் குறைந்த விலையில் தருகிறது. கட்டிய ஜிஎஸ்டியிலும் பாதி அதற்குத் திரும்பக் கிடைக்கிறது. இந்த விலையோடு போட்டியிட வாசலில் ஒரு மளிகைக்கடை திறப்பவரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். மாறாக, பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குடிமைப் பணியாளர் ஊருக்குள் வீடு கட்டுகிறார், மகளுக்கு ஊரில் கல்யாணம் செய்கிறார், ஊர்க் கடையில் சீர்ப் பாத்திரம் வாங்குகிறார்.

எத்தனை காலம் இருப்பார்கள்? இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிப் போகிறவர் நாற்காலி வாங்கமாட்டார், வாடகைக்கு எடுப்பார். பத்து மாதம் மட்டும் இருப்பவர் ஊரை ஒரு சுற்றுலாப் பயணியைப் போலப் பார்ப்பார். முப்பது ஆண்டு இருப்பவர்தான் ஊரின் பொருளாதாரமாகிறார்.

நிலத்தில் என்ன கட்டலாம்? 1903-ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தளங்களின் சுற்றுச்சுவரை ஒட்டிய நிலத்தில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தவோ தடுக்கவோ அது அரசுக்கு அதிகாரம் தருகிறது. விமானத் தளம் என்றால் 2015-ன் உயரக் கட்டுப்பாட்டு விதிகளும் சேர்ந்துகொள்ளும். ஓடுதளத்திலிருந்து 20 கிலோமீட்டர் ஆரத்துக்குள் கட்டடத்தின் உயரம் அந்த விதிகளின் கணக்குக்குள் வரும். தரகர் இதைச் சொல்லமாட்டார். "பின்னாடி ஏர்போர்ஸ், திருட்டு பயமே இல்லை" என்று மட்டும் சொல்வார்.

தளம் சுருங்கினால் ஊருக்கு இன்னொரு கால் உண்டா? பிலிப்பைன்ஸில் சூபிக் விரிகுடாவைச் சுற்றிய ஊர்கள் அமெரிக்கக் கடற்படையை நம்பியே வளர்ந்தவை. 1991-ல் அந்நாட்டு செனட் ஒப்பந்தத்தை நிராகரித்தது, 1992 நவம்பரில் படை வெளியேறியது. கப்பல் பட்டறை வேலைகள் ஓராண்டில் மறைந்தன. அந்த இடத்தைச் சுதந்திரத் துறைமுகமாக மாற்றிப் பிழைத்தார்கள், ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளைக் கடைக்காரர்கள் தங்கள் கைப்பணத்தில்தான் கடந்தார்கள். இந்தியத் தளங்கள் அப்படி ஒரே இரவில் காலியாகாது. ஆனால் ஆட்குறைப்பு, தொழிற்சாலை ஆர்டர் குறைவு, விமான அணி இடமாற்றம் ஆகியவை ஓசையில்லாமல் நடக்கும்.

## ஆவடி: பீரங்கி வண்டியும் பாத்திரக்கடையும்

நான்கில் இதற்குத்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, காரணம் இது முகாம் ஊராகத் தொடங்கித் தொழிற்சாலை ஊராக மாறியது. கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களில் வந்தது. விஜயந்தா டாங்கிகள் இங்கிருந்து வெளியேறின. பின்னர் அஜேயா, பீஷ்மா, அர்ஜுன். அதனுடன் இன்ஜின் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் படை முகாம் என்று வரிசையாக வந்து சேர்ந்தன. புறநகர் ரயிலில் ஏறினால் 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்ற பெயர்ப்பலகையே வரும். சரக்கு இறக்கப் போட்ட கிளைப் பாதையில் இன்று அலுவலகம் போகிறவர்கள் டிபன் டப்பாவோடு பயணிக்கிறார்கள்.

இங்கே வெளியே உறங்குபவர் அதிகம். அம்பத்தூர், திருமுல்லைவாயில் பக்கத்துச் சிறு பட்டறைகளில் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்து வளர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஆயுதபூஜைக்கு முன் போனஸ் அறிவிப்பு வந்த வாரம் மாமாவின் கடையில் நிற்க இடமிருக்காது. அந்த ஒரு வாரத்தில் அடுத்த மூன்று மாத வாடகையை எடுத்துவிடுவார்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், இந்தச் சந்தையின் அடித்தளம் மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. டாங்கித் தொழிற்சாலை ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழும், உடைத் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வேறொரு நிறுவனத்தின் கீழும் போயின. இனி ஊரின் வருமானம் ஆர்டர் புத்தகத்தைப் பொறுத்தது. அதே ஆண்டு 118 அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கிகளுக்கு ஏறத்தாழ 7,523 கோடி ரூபாய் மதிப்பில் ஆர்டர் வந்தது. அப்படி ஓர் ஆர்டர் வந்தால் உதிரிபாகப் பட்டறைகளில் இரவு விளக்கு எரியும். வராத ஆண்டில் டீக்கடைக் கடன் நோட்டு தடிக்கும். ஓய்வுபெறும் ஒவ்வொரு நிரந்தரத் தொழிலாளியின் இடத்திலும் இன்னொரு நிரந்தரத் தொழிலாளி வருவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளி வருகிறார், அவரால் தவணையில் பாத்திரம் வாங்க முடிவதில்லை.

ஆனால் ஆவடிக்கு இன்னொரு கால் உண்டு. 2019-ல் மாநகராட்சியானது. பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. சென்னை நகரமே இந்தப் பக்கம் நகர்ந்து வருகிறது. அதனால் கடை வைப்பவருக்கு நான்கில் இதுவே என் முதல் தேர்வு. மனை வாங்குபவருக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். நல்ல விலை ஏற்கெனவே ஏறிவிட்டது, மலிவாகக் கிடைக்கும் மனைக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். ஏரி உள்வாயா, தளத்துச் சுவரை ஒட்டியதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

## வெலிங்டன்: பத்து மாத விருந்தாளிகள்

குன்னூரிலிருந்து ஊட்டி மலை ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் வெலிங்டன், அதற்கடுத்தது அருவங்காடு. இரண்டு நிலையங்களுக்கும் இடையில் இரண்டு வேறு பொருளாதாரங்கள்.

வெலிங்டனில் மெட்ராஸ் படைப்பிரிவின் பயிற்சி மையமும், முப்படை அதிகாரிகள் படிக்கும் படைப்பணிக் கல்லூரியும் இருக்கின்றன. நாடு பிரிந்தபோது குவெட்டாவிலிருந்து 1947-ல் இங்கு வந்த கல்லூரி அது. ஆண்டுதோறும் பல நூறு அதிகாரிகள், நட்பு நாடுகளின் அதிகாரிகளும் சேர்த்து, குடும்பத்தோடு வருகிறார்கள், ஓராண்டுக்குள் போய்விடுகிறார்கள். அவர்கள் வாங்குவது தேயிலைத்தூள், சாக்லேட், தைலம், கம்பளி, விருந்துக்குக் கேக். பிள்ளைகளுக்கு டியூஷன், மனைவிக்குத் தையல் வகுப்பு. சிறிய கடைக்கு நல்ல வாடிக்கையாளர்கள், பேரம் பேசாதவர்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் புதிதாக அறிமுகமாக வேண்டும். சென்ற ஆண்டு சம்பாதித்த நற்பெயர் பெட்டி படுக்கையோடு மலையிறங்கிவிடும். படிப்பு முடிந்து அடுத்த அணி வரும்வரை கல்லாவில் காற்றுதான்.

பயிற்சி மையம் வேறு மாதிரி. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு வெளியே வர அனுமதியே அபூர்வம். அவர்களின் பயிற்சி நிறைவு அணிவகுப்புக்குத் தென் மாநிலங்களிலிருந்து வரும் பெற்றோர்கள்தாம் உண்மையான வாடிக்கையாளர்கள். ஒரு இரவு தங்க அறை, சூடான சாப்பாடு, மகனோடு ஒரு புகைப்படம். இதைக் குறிவைத்து நடக்கும் சிறிய விடுதிகளுக்கு நஷ்டம் வந்து நான் பார்த்ததில்லை.

அருவங்காட்டின் கார்டைட் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இருப்பது. அங்கே ஆவடியின் குட்டிப் பிரதி ஒன்றைப் பார்க்கலாம்: ஊரில் வேரூன்றிய தொழிலாளர் குடும்பங்கள், சம்பளத் தேதியில் கூட்டம்.

நிலத்தில்தான் வெலிங்டன் பயமுறுத்துகிறது. தமிழ்நாட்டில் இருக்கும் இரண்டு கண்டோன்மென்ட்களில் ஒன்று இது, மற்றது பரங்கிமலை–பல்லாவரம். கண்டோன்மென்ட் எல்லைக்குள் 'ஓல்டு கிராண்ட்' எனப்படும் பழைய உரிமை முறையில் இருக்கும் பங்களாக்களில் கட்டடம் மட்டும்தான் வைத்திருப்பவருக்கு உரியது, நிலம் அரசுடையது. அனுமதியில்லாமல் விற்கவோ மாற்றிக் கட்டவோ முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் அழகான பழைய வீடு ஒன்றுக்கு முன்பணம் கொடுத்தபின்தான் தாய்ப்பத்திரத்தைப் படித்தார். முன்பணம் திரும்ப வர இரண்டு ஆண்டு ஆயிற்று. 2023-ல் இமாச்சலத்தின் யோல் தொடங்கி, கண்டோன்மென்ட்களின் குடிமைப் பகுதிகளைப் பிரித்து அருகிலுள்ள உள்ளாட்சிகளோடு சேர்க்கும் முயற்சி நடக்கிறது. அது முடிந்தால் சட்டநிலை எளிதாகலாம் என்ற நம்பிக்கையில் விலை சொல்கிறார்கள். நம்பிக்கைக்கு வட்டி கட்டாதீர்கள். இதற்குமேல் மலைப்பகுதிக் கட்டட விதிகள் தனி. 2024 மே முதல் நீலகிரிக்கு வெளியூர் வாகனங்கள் வர இ-பாஸ் தேவைப்படுவதையும் விடுதி நடத்த நினைப்பவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

## அரக்கோணம்: நீண்ட ஓடுதளம், குறுகிய கடைவீதி

ஐஎன்எஸ் ராஜாளி 1992 மார்ச்சில் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளத்தை விரிவாக்கி அமைத்த கடற்படை விமானத் தளம். கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள் 2013-லிருந்து இங்கிருந்து பறக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது பயணிகள் விமானங்கள் இங்கு வந்திறங்கின. அந்த நாட்களில்தான் அரக்கோணத்து ஆட்டோக்காரர்கள் விமானப் பயணிகளைப் பார்த்தார்கள்.

அந்தச் சில நாட்களை விட்டால் தளத்துக்கும் ஊருக்கும் இடையில் ஓடும் பணம் மெல்லிய நூல். தளம் ஊரிலிருந்து விலகியிருக்கிறது. விமானப் பராமரிப்பு உதிரிபாகங்களுக்கு உள்ளூர்ப் பட்டறையை நாடுவதில்லை. அருகில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையமும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியனும் இருப்பதால் சீருடை எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் பயிற்சியில் இருப்பவர் வெளியே வருவது அவுட்பாஸ் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில். எனவே இங்கே பிழைப்பது ஞாயிற்றுக்கிழமைப் பொருளாதாரம்: செல்பேசி பழுதுபார்ப்பு, முடிதிருத்தகம், சப்பாத்தியும் ராஜ்மாவும் போடும் ஓட்டல், பெயர்ப்பட்டை தைக்கும் கடை, பெயர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி. இந்தி பேசத் தெரிந்த கடைக்காரருக்கு வியாபாரம் எளிது.

அரக்கோணத்தின் உண்மையான முதுகெலும்பு ரயில் சந்திப்பு. சென்னைக்குத் தினமும் போய்வரும் ஆயிரக்கணக்கானோரும் ரயில்வே ஊழியர்களும்தாம் இந்த ஊரின் மளிகைக்கடைகளை நடத்துகிறார்கள். ராஜாளியை நம்பி அல்ல, ரயிலை நம்பி இங்கே வீடு வாங்கலாம். படைக் குடும்பங்கள் வாடகைக்கு வந்தால் அது உபரி. குவார்ட்டர்ஸ் பற்றாக்குறை இருக்கும் ஆண்டில் வருவார்கள், உள்ளே புதிய அடுக்குக் குடியிருப்பு கட்டியதும் போய்விடுவார்கள். நல்ல குடித்தனக்காரர்கள்தாம்: வாடகை தேதி தவறாது, மாற்றல் ஆணை வந்தால் தகராறில்லாமல் காலி செய்வார்கள். ஆனால் மாற்றல்கள் பள்ளி ஆண்டு முடியும் நேரத்தில் கூட்டமாக வரும். தெருவில் உங்கள் வீடு மட்டும் காலியாவதில்லை, அத்தனை வீடும் ஒரே மாதத்தில் காலியாகும். வெள்ளையடிக்கும் செலவோடு இரண்டு மாத வாடகை இழப்பையும் ஒவ்வொரு மாற்றலுக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## சூலூர்: பெரிய நகரத்தின் நிழலில்

சூலூர் விமானப்படைத் தளத்தின் பெயர் செய்தியில் அடிக்கடி வரும். 2018-ல் தேஜஸ் அணி வந்தது, 2020 மே மாதம் இரண்டாவது தேஜஸ் அணியும் இங்கே தொடங்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் விமானங்கள் வந்து கூட்டுப் பயிற்சி நடத்தின. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் வெலிங்டனுக்குக் கிளம்பியதும் இங்கிருந்துதான்.

இவ்வளவு இருந்தும், தளத்தை எடுத்துவிட்டால் சூலூர் விழுந்துவிடாது. விசைத்தறி, நூற்பாலை, கோவையின் பம்ப்செட் பட்டறைகள், திருச்சி சாலைப் போக்குவரத்து ஆகியவை தளத்துக்கு முன்பும் இருந்தன, பின்பும் இருக்கும். நான்காவது அளவுகோலில் நான்கு ஊர்களிலும் இதுவே வலுவானது. 2018-ல் அறிவிக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் ஒன்று என்பதால், இங்கே தளத்தால் பயனடைய நினைப்பவர் வாசலில் கடை போடுவதைவிட லேத் பட்டறையில் தரச்சான்று வாங்குவது புத்திசாலித்தனம். பாதுகாப்புத் துறை ஆர்டரின் குறை, பணம் தாமதமாக வருவது. ஆறு மாத நடைமுறை மூலதனம் கையில் இல்லாதவர் தொடவேண்டாம்.

மனை வாங்குபவருக்கு எச்சரிக்கை: உயரக் கட்டுப்பாடு. தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுபவருக்குப் பெரும்பாலும் சிக்கல் வராது. அடுக்குமாடி கட்டும் கனவிருந்தால், அதுவும் ஓடுதளத்தின் நேர்க்கோட்டில் இருந்தால், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அனுமதி மட்டும் போதாது, விமானப்படையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். இறைச்சிக்கடை, குப்பைக் கிடங்கு போன்ற பறவைகளை ஈர்க்கும் தொழில்களுக்கும் விமானத் தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குத் தனி விதி இருக்கிறது. சத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போர் விமானம் கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடி பேசும். பார்க்கப் போகிற நாள் பறப்பு இல்லாத நாளாகத்தான் இருக்கும், தரகர் அதைப் பார்த்துத்தான் அழைத்துப் போவார்.

## ஒரே பார்வையில்

| | ஆவடி | வெலிங்டன் | அரக்கோணம் | சூலூர் |
|---|---|---|---|---|
| வெளியே வாழ்பவர் | மிக அதிகம் | அருவங்காட்டில் மட்டும் | குறைவு | நடுத்தரம் |
| தங்கும் காலம் | ஒரு தலைமுறை | பத்து மாதம் | 2–3 ஆண்டு | 2–3 ஆண்டு |
| நிலச் சிக்கல் | சுவரை ஒட்டிய மனை, ஏரி | கண்டோன்மென்ட் உரிமை, மலை விதி | உயரக் கட்டுப்பாடு | உயரக் கட்டுப்பாடு, சத்தம் |
| இன்னொரு கால் | சென்னை | சுற்றுலா, தேயிலை | ரயில் | கோவைத் தொழில்கள் |
| பொருந்தும் முதலீடு | கடை | சிறு விடுதி | ஒரு வாடகை வீடு | பட்டறை, தனிவீடு |

## யாருக்கு எது

ஓய்வுபெறும் படைவீரருக்குக் கணக்கே வேறு. அவருக்கு ஊர் சந்தையாக இருக்க வேண்டியதில்லை, வசதியாக இருந்தால் போதும். கேன்டீன் அட்டை, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டப் பாலிகிளினிக், பிள்ளைகளுக்குக் கல்லூரி ஆகிய மூன்றும் பஸ் தூரத்தில் வேண்டும். ஆவடியும் கோவைப் பக்கமும் இதில் முந்துகின்றன. மலைக்குளிரில் மூட்டுவலியோடு வாழ முடியும் என்றால் வெலிங்டன் சொந்தபந்தம்போல இருக்கும். அதிலும் சொந்த வீட்டைவிட வாடகை வீடுதான் நல்லது.

கடைக்காரர் கவனிக்க வேண்டிய வாடிக்கையாளரும் இந்த ஓய்வூதியர்தான். பணியில் இருந்தபோது உள்ளே செலவழித்தவர், ஓய்வுக்குப் பின் ஊருக்குள் வீடு கட்டுகிறார், பேரனுக்குச் சைக்கிள் வாங்குகிறார். வேலூர் பக்கம் 'ராணுவப்பேட்டை' என்றே பெயரெடுத்த கம்மவான்பேட்டை போன்ற ஊர்களைப் பாருங்கள். அங்கே படைத்தளமே இல்லை, படைச் சம்பளமும் ஓய்வூதியமும்தான் இருக்கின்றன. அதனால்தான் 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தை நீண்டகால முதலீட்டாளர்கள் கவனிக்க வேண்டும். நான்கு ஆண்டு முடிந்ததும் ஒவ்வோர் அணியிலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நிரந்தரமாக்கப்படுவதில்லை. மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும், ஓய்வூதியம் கிடையாது. இருபது ஆண்டு கழித்து இந்த ஊர்களில் மாதம் பிறந்தால் வங்கி வாசலில் நிற்கும் வரிசை இன்றைய நீளத்தில் இருக்காது. இன்று வாங்கும் கடைக்கட்டடத்தை மகன் நடத்தப்போகிறான் என்றால் இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

எந்த ஊராக இருந்தாலும் முன்பணத்துக்கு முன் வில்லங்கச் சான்றோடு மட்டும் நின்றுவிடாமல், தாய்ப்பத்திரத்தைக் காட்டி ஒரு வழக்கறிஞரிடமும், சர்வே எண்ணைக் காட்டி உள்ளாட்சி அலுவலகத்தின் திட்டப் பிரிவிலும் கேட்டுவிடுங்கள். பிறகு தளத்தின் வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் மூன்று வேளை உட்காருங்கள்: மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு மாலை, ஒரு ஞாயிறு, பள்ளிக்கூடம் விடும் நேரம் ஒன்று. மாமா கடை பிடிப்பதற்கு முன் அப்படி ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறார். கேன்டீன் பையை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களை ஒரு பக்கமும், காலிப் பையோடு கடைவீதிக்கு நடக்கிறவர்களை மறுபக்கமுமாகப் பழைய டைரியில் கோடு கிழித்து எண்ணினாராம். இரண்டாவது வரிசை பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போன பிறகுதான் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தார்.